கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தை முதல் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

கிறிஸ்தவ சுயாதீனம், அதாவது கிறிஸ்துவில் நமக்குள்ள விடுதலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். அப்போஸ்தலர் பவுல் எழுதிய நிருபத்தில், மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல் கிறிஸ்து தந்த சுயாதீனத்தில் நிலைகொண்டிருங்கள் என்கிற கலாத்தியர் 5:1-ஐ எடுத்துக்கொண்டு, நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) நம்மைக் கட்டாது, உபவாசமும் ஞாயிறு ஆராதனையும் காணிக்கையும் அவரவர் விருப்பம் என்று முடித்திருந்தார் அந்தச் சகோதரர். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால்தான் எழுதுகிறேன். எங்கள் கோயில் வாலிபர் வேதபாட வகுப்பில் அந்தக் கட்டுரையைக் காட்டி, "அக்கா, இனிமேல் எதுவும் கட்டாயமில்லையே?" என்று ஒரு தம்பி கேட்டான்.

பாதி சரி என்று மனதறிந்துதான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காதவர்களின் பெயர்களை ஆராதனை முடிவில் வாசிப்பார்கள். பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவைத் தாயார் அந்தப் பட்டியலுக்குப் பயந்தே கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அது நுகம்தான். அதைப் பவுல் கண்டிருந்தால் கலாத்தியருக்கு எழுதியதைவிடக் காரமாகவே எழுதியிருப்பார்.

ஆனால் பவுல் 5:1-ஓடு பேனாவைக் கீழே வைக்கவில்லை. 13-ஆம் வசனத்தில், "இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்கிறார். இங்கே 'ஊழியம்' என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது அடிமையாய்ச் சேவிப்பதைக் குறிக்கும் வினைச்சொல். முதல் வசனத்தில் எந்த அடிமைத்தனத்துக்கு உட்படாதிருங்கள் என்றாரோ, அதே வேரிலிருந்து பிறந்த சொல். நியாயப்பிரமாணத்துக்கு அடிமைகளாக வேண்டாம், அன்பினாலே ஒருவருக்கொருவர் அடிமைகளாயிருங்கள் என்கிறார். இதைக் கட்டுரை தொடவே இல்லை.

பவுலின் நடையும் அப்படித்தான். தம்மோடிருந்த கிரேக்கரான தீத்துவுக்கு விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) வேண்டுமென்று சிலர் வற்புறுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. அதே பவுல், லீஸ்திரா என்ற ஊரில் தீமோத்தேயுவைத் தம் ஊழியத்தில் சேர்த்துக்கொண்டபோது, அந்தப் பக்கத்து யூதரை முன்னிட்டு அவனுக்கு விருத்தசேதனம் பண்ணினார். இரட்சிப்புக்கு நிபந்தனை என்று கேட்டால் கிடையாது, பிறருடைய ஆத்துமாவுக்கு உதவும் என்றால் சரி. சுயாதீனம் உள்ளவனால்தான் இப்படி இரண்டையும் செய்ய முடியும்.

நம் நாட்டிலேயே இதை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆளுகிற இனம், ஆளப்படுகிற இனம் என்ற சுவர் எல்லா இடத்திலும் நின்ற காலம் அது. இவர்களோ ஒரே கூரையின்கீழ் ஒரே சாப்பாடு சாப்பிட்டார்கள், கதர் உடுத்தினார்கள், கல்யாணம் செய்யாமலே வைத்தியம் பார்த்தார்கள். ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும்தான் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தமிழருக்குத் தம்பியானது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? 1932-இல் சென்னையில் மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்ற சின்னண்ணன் போலீசாரிடம் அடியும் வாங்கினார். ஆராதனைக்கான ஆலயத்தைக்கூட, கோபுரமும் மண்டபமுமாக நம் ஊர் இந்துக் கோயில் பாணியிலேயே கட்டினார்கள்.

மேல்நாட்டு வழக்கங்களெல்லாம் சுவிசேஷத்தின் பாகமல்ல என்று உதறியது அவர்களுடைய சுயாதீனம். மிச்ச ஆயுளை நோயாளிகளுக்கும் ஒருவருக்கொருவருக்கும் கொடுத்ததும் அதே சுயாதீனம்தான். எந்தப் பிரமாணமும் அவர்களைத் திருப்பத்தூரில் கட்டிவைக்கவில்லை.

எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், ஊழியத்துக்கான பிடியரிசி. வீட்டில் அரிசி குறைந்த மாதத்திலும் போடுவார்கள். "இன்னைக்கு வேண்டாமேம்மா" என்று சிறுவயதில் ஒருநாள் சொன்னேன். "என்னை யாரும் போடச் சொல்லலையே, நானாத்தானே போடுதேன்" என்றார்கள். அந்தத் தம்பிக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றான். அதுவும் நல்லதுதான்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் 13-ஆம் வசனத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கூடவே வாலிபர் பக்கத்தில் பெரியண்ணன், சின்னண்ணன் கதையையும் போடுங்கள். எங்கள் வகுப்பில் சேர்ந்து வாசிக்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை