விடுப்புக் கடிதத்தில் முதுகுவலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த பணியிட மனநலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், மனம்விட்டுப் பேசுங்கள் என்று அத்தனை அறிவுரையும் ஊழியருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அலுவலகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான், மாலை வேளைகளில் எங்கள் வங்கி ஊழியர் சங்க அலுவலகத்தில் விடுப்பு, இடமாறுதல் விண்ணப்பங்கள் எழுத உதவி வருகிறேன். அங்கே கண்டதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெறும் இளம் ஊழியர்கள் வருகிறார்கள். மருந்துச் சீட்டு சட்டைப்பையில் நான்காக மடிந்திருக்கும். விடுப்புக்கு என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டால், "முதுகுவலி என்றே போடுங்கள் சார்" என்பார்கள். உண்மையை எழுதினால் பதவி உயர்வு நேர்காணல்வரை அது கூடவே வரும் என்ற பயம். கிளை முழுவதும் பேச்சாகிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரியது. இதில் இன்னொரு கொடுமை உண்டு. முதுகுவலிக்கு ஒரு மாத ஓய்வு கேட்க முடியாது. மருத்துவர் ஒரு மாதம் என்று எழுதியிருப்பார். இவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டு, ஐந்தாம் நாள் காலை கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கவுன்ட்டரில் நடப்பது என்ன? நகைக்கடனுக்கும் ஓய்வூதியத்துக்கும் வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதே, கிளைக்கு விதித்த இலக்கில் இன்று எத்தனை காப்பீட்டு பாலிசி விற்றீர்கள், எத்தனை அடல் ஓய்வூதியக் கணக்கு தொடங்கினீர்கள் என்று வாட்ஸ்அப்பில் மேலிடத்தின் கேள்வி வந்துகொண்டே இருக்கும். மாலையில் ரொக்கத்தைக் கணக்கோடு சரிபார்த்து, குறைந்த தொகையைக் காசாளர் தன் கையிலிருந்து கட்டிவிட்டு நிமிர்ந்தால், இரவு காணொளிக் கூட்டம். இலக்கை எட்டுவதில் கடைசி இடத்தில் இருக்கும் கிளையின் மேலாளர் மற்ற எல்லா மேலாளர்களின் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் ஒரு தனியார் வங்கி அதிகாரி அப்படியொரு கூட்டத்தில் ஊழியர்களைத் திட்டித் தீர்த்த காட்சி நாடு முழுவதும் பரவியது நினைவிருக்கும். அவரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். அவர் கழுத்தில் அந்த இலக்கைக் கட்டியவர்கள் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஓய்வு கொடுங்கள் என்றால், "ஆள் இல்லை, கிளையை யார் பார்ப்பது?" என்கிறது நிர்வாகம். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் வங்கிகளில் கட்டாய விடுப்பு என்று ஒன்று இருப்பது வெளியில் பலருக்குத் தெரியாது. வங்கியின் முதலீடுகளைக் கவனிக்கும் கருவூலப் பிரிவு, ரொக்கத்தைச் சேமித்து வைக்கும் கரன்சி செஸ்ட் போன்ற முக்கியப் பொறுப்புகளில் இருப்பவரை, ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாட்கள் முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021இல் வந்த திருத்தப்பட்ட சுற்றறிக்கையின்படி, அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேலை தொடர்பான எதையும் அவர் நேரிலோ கணினி வழியாகவோ அணுகக் கூடாது. அவர் இல்லாத நேரத்தில் முறைகேடு ஏதும் வெளிப்படுகிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். பணத்தைக் காப்பாற்ற ஒருவரைப் பத்து நாள் வேலையிலிருந்து முழுமையாக விலக்கி வைத்தும் வங்கி நடக்கிறது என்றால், உயிரைக் காப்பாற்ற அதே பத்து நாளைக் கொடுப்பதற்கு மட்டும் ஆள் கிடைக்காமல் போவது எப்படி?

சட்டம் ஊழியரின் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு. பணிக்காலத்தில் ஒருவருக்கு இயலாமை ஏற்பட்டால், அதற்காக அரசு நிறுவனம் அவரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை வலுவாக எடுத்துச் சொன்னது. இவ்வளவும் இருந்தும், சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்களில் இதைப் பற்றித் தெரிந்தவர் அபூர்வம். பணியில் சேரும்போது தரும் பயிற்சியில் கடன் விதிகளோடு இதையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க என்ன தடை?

பெரிதாக எதையும் கேட்கவில்லை. பணி நேரம் முடிந்த பிறகு இலக்கு குறித்த கூட்டமோ வாட்ஸ்அப் செய்தியோ கூடாது என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு வேண்டும். மருத்துவ விடுப்பில் நோயின் பெயர் கிளைக்குத் தெரிய வேண்டியதில்லை. சான்றிதழ் தலைமையகத்தின் மருத்துவ அலுவலரோடு நின்றால் போதும். தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் உதவி எண் 14416ஐ ஒவ்வொரு கிளையின் ஊழியர் அறையிலும் ஒட்டி வையுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய இந்தச் சேவையில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைக்கு மனநல மருத்துவரோடு நிறுத்திக்கொள்ளாமல், வங்கிகளின் மனிதவளத் துறைத் தலைவர்களிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
விருதுநகர்