செக்ரோலில் இல்லாத பெயர்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்பது படங்களும் வந்து சேர்ந்தன. உன் கன்னம் ஒட்டிவிட்டது என்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. பேங்காக்கில் சோறு கிடைக்கவில்லையா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். நான் பார்த்தது உனக்குப் பின்னால் இருந்த காஞ்சனாபுரிக் கல்லறைகளை. ஒரே மட்டமாக வெட்டிய புல், கல்லுக்குக் கல் ஒரு பூச்செடி, ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, ஒரு மணி நேரம் தேடினேன். தோட்டத்து ஆளுங்க பேர் ஒண்ணுகூட இல்லையே, ஏன்?"

கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் தாளும் பேனாவும் எடுத்தேன்.

அப்பா முப்பத்து நாலு வருஷம் ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா வேலை பார்த்தவன். பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு வந்து, பனியில் நின்று, நாள் முழுக்க மரம் வெட்டியிருப்பான், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்திருப்பான். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு விழவில்லை என்றால் அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, அவ்வளவுதான். அவன் வாளியில் இருந்த பாலை மட்டும் ஸ்டோரில் நிறுத்து எடுத்துக்கொள்வார்கள்.

நீ நின்ற இடம் போர்க் கைதிகளுக்கு உரியது. அங்கே ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில், சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் முடித்தான். அதில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் 60,000-க்கு மேல், செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் போயிருப்பார்கள் என்கிறார்கள், அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். பாதை நெடுகச் செத்த ஆசியர்கள் 90,000 இருக்கலாம் என்று ஒரு மதிப்பு. வெள்ளைக்காரனுக்கு எண்ணிக்கை, நமக்கு மதிப்பு. உன் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை போர்க் கைதிகளைப் பற்றியது. ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டதே தவிர உறுதிப்படுத்தவில்லை. 1942-ல், முடிந்த அளவு அதன்படி நடப்போம் என்று சொல்லிவிட்டு, எப்படி நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். ஆனாலும் மீறப்பட்ட சட்டத்துக்கும் ஒரு பலம் உண்டு. தான் யார், தனக்கு என்ன சேரவேண்டும் என்பது அந்தக் கைதிக்குத் தெரிந்திருந்தது. செத்தவன் பெயரையும் புதைத்த இடத்தையும் ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். சண்டை முடிந்ததும், 1945 செப்டம்பரில், முன்னாள் கைதிகளைக் கொண்ட ஒரு சிறு குழு அந்தப் பாதையிலேயே திரும்பப் போய்ப் பத்தாயிரம் கல்லறைகளை அடையாளம் கண்டது. நம்மவன் சிப்பாயும் இல்லை, கைதியும் இல்லை. கூலிக்கு வந்தவன் என்பது அவர்கள் கணக்கு. அவனைப் பற்றி எந்தத் தாளும் எதுவும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் சாதாரண சனங்களைக் காப்பதற்கென்று தனி உடன்படிக்கை வந்தது 1949 ஆகஸ்டில்.

தாத்தா காலில் இருந்த குழி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இடது முழங்காலுக்குக் கீழே, இருபது காசு ஒன்றை வைத்தால் நிற்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் விரலை விட்டு விளையாடுவாய், அவரும் சிரித்துக்கொண்டே இருப்பார். அது சயாமில் மூங்கில் முள் கிழித்து அழுகிய புண். "மூணு மாசம்தான், நாளைக்கு ஒரு வெள்ளி கூலின்னு சொன்னாங்க" என்பார். அவரும் அண்ணனும் சேர்ந்து போனார்கள். காலரா வந்த முகாமில் அண்ணன் போய்விட்டார். உயிர் போனதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கொட்டகையோடு கொளுத்திவிட்டார்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் கல்யாணத்துக்குத் தயாரான வயதில் சொன்னார். அப்புறம் கேட்டால், "விடு" என்பார்.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையை ஜப்பான்காரன் சிறையில் போட்ட பிறகு தோட்டத்தைக் கிராணிதான் பார்த்துக்கொண்டார். இத்தனை தலை வேண்டும் என்று உத்தரவு வரும், யார் யார் என்று எழுதிக்கொடுப்பது கிராணி. தாத்தா பெயரையும் அவர் அண்ணன் பெயரையும் எழுதிய கை, எனக்குப் பிறகு கிடைத்த அதே மேசையில் இருந்த கை. எனக்குக் கிராணி உத்தியோகம் கிடைத்த அன்று ஊரே மிட்டாய் கேட்டது, தாத்தா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏன் என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

சண்டை முடிந்து சமாதானக் கணக்குப் பார்த்தார்களே, அதைக் கேள். சயாம் எல்லைக்குள் இருந்த தண்டவாளத்தைப் பிரிட்டிஷ்காரன் 1946-ல் தாய்லாந்து அரசாங்கத்துக்கே விற்றான், விலை 12,50,000 பவுண்டு. அந்தப் பணம், பாதை போட ஜப்பான்காரன் அண்டை நாடுகளில் பிடுங்கிய சாமான்களுக்கு ஈடாகப் போனது. நம் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளத்தையும் அவன் பெயர்த்துக்கொண்டு போயிருந்தான். பார், தண்டவாளத்துக்குக் கணக்குத் தீர்ந்தது. அதைத் தூக்கிய தோளுக்கு?

1951 செப்டம்பரில் ஜப்பானோடு சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம். அதன் 16-ஆவது பிரிவில் முன்னாள் போர்க் கைதிகளுக்கு, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக, ஒரு தொகை ஒதுக்கினார்கள். 1929-ல் யாருக்கு இடம் இருந்ததோ அவர்களுக்கே 1951-லும் இடம். மலாயாவுக்காகக் கையெழுத்துப் போட்டதும் பிரிட்டன்தான், நம்மிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு 1967-ல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்தன. 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி (டாலர்), காசாக இல்லை, கப்பலாக. அத்தோடு போர்க்கால விவகாரம் முழுசாகத் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் தாத்தா நாலு மணிக்கு எழுந்து வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் உனக்கு முதல் உலகப்போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சண்டையைச் சரியாக முடிக்காவிட்டால் அடுத்தது வரும் என்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமா? நம்ம ஊர் போதாதா?

ஜப்பானை எதிர்த்துக் காட்டில் சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் பிரிட்டிஷ்காரனே துப்பாக்கி கொடுத்தான். 1945 டிசம்பரில் ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து, ஆயுதத்தை வை, வீட்டுக்குப் போ என்றான். அவர்களில் சிலரை லண்டன் வெற்றி ஊர்வலத்துக்குக்கூட அழைத்துப் போனான். அவர்கள் கொஞ்சத்தைக் கொடுத்தார்கள், மிச்சத்தைக் காட்டில் புதைத்தார்கள். இங்கே அரிசி விலை ஏறிக்கிடந்தது, கூலி ஏறவில்லை, தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் எல்பில் தோட்டத்தில் ஒரு துரை, பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேர், கம்யூனிஸ்ட் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டும் நம்ம சுங்கை சிப்புட் வட்டாரம்தான். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம்.

'அவசரகாலம்' என்ற அந்தச் சொல்லை உற்றுப் பார். பன்னிரண்டு வருஷம் குண்டு போட்டு, பட்டாளம் இறக்கி நடத்தியதற்குப் போர் என்று பெயர் வைக்கவில்லை. போர் என்றால் தோட்ட முதலாளிகளின் இன்சூரன்ஸ் செல்லாது என்பதும் ஒரு காரணம் என்பார்கள். காரணம் எதுவானாலும், போர் இல்லையென்றால் பிடிபட்டவன் போர்க் கைதி இல்லை, குற்றவாளி. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டது அந்தச் சட்டத்தில்தான். இந்தியாவிலிருந்து வந்த வேண்டுகோளும் எடுபடவில்லை. அவரைப்போல 200-க்கும் மேற்பட்டவர்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் பத்தாங்காலிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 24 சீனத் தொழிலாளர்களைப் பட்டாளம் சுட்டுக் கொன்றது, ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015-ல், விசாரணை நடத்தவேண்டிய கட்டாயம் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

ஜப்பான்காரனைக் கைதிச் சட்டத்தை மதிக்காதவன் என்று திட்டிய அதே பிரிட்டிஷ்காரன், 1945-ல் தன்னிடம் சரணடைந்த ஜப்பானியரைப் போர்க் கைதி என்று அழைக்காமல் 'சரணடைந்த ஆட்கள்' என்று வேறு பெயர் வைத்து 1947 வரை வேலை வாங்கினான். கைதி என்றால் கைதிக்குரியதைக் கொடுக்கவேண்டுமே. 1949-ல் எழுதிய புது ஜெனீவா உடன்படிக்கைகளில், உள்நாட்டுச் சண்டையிலும் பிடிபட்டவனை நடத்துவதில் ஒரு குறைந்தபட்சத்தை மீறக்கூடாது என்று மூன்றாவது பிரிவு ஒன்று வந்தது. பிரிட்டன் கையெழுத்தும் போட்டது. ஆனால் உறுதிப்படுத்தியது 1957 செப்டம்பர் 23-இல். நமக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், அதே வருஷம் ஆகஸ்ட் 31. இடையில் மூன்று வாரம். தற்செயல் என்று நீ சொல்லலாம். கிராணி புத்திக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தக் காலம் எனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஆறு வயது இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை, தொழிலாளர் வீட்டு வரிசைகளை, ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டைத் திறப்பார்கள். வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக்கூடாது, காட்டில் இருப்பவனுக்குப் போய்விடுமாம். கடையில் பால் டின் வாங்கினால் குத்தி ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு நாள் பாட்டியின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். உள்ளிருந்து புளியங்கொட்டை அளவு வெல்லத் துண்டு ஒன்று மண்ணில் விழுந்தது. பசி மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள வைத்திருந்தது. ஜெயிலுக்கே அனுப்பியிருக்கலாம், அந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காலால் நசுக்கிவிட்டுப் போகச் சொன்னான். தலைமுடி இடுப்பு வரை விரிந்து கிடக்க, வாளியைக் காவடியில் தூக்கிக்கொண்டு பாட்டி நடந்துபோனதைக் கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றைக்கு யாருடனும் அவள் பேசவில்லை.

1955 டிசம்பரில் கெடாவின் பாலிங்கில் மலாயா முதலமைச்சர் துங்குவும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் இரண்டு நாள் பேசினார்கள். 'சரண்' என்றார் துங்கு, அந்தச் சொல்லை ஏற்கமாட்டோம் என்றார் சின் பெங். எழுந்து போய்விட்டார்கள். 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட்யாயில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆயுதத்தை அழிப்பது, படையைக் கலைப்பது எல்லாம் இருந்தது, சரண் என்ற பேச்சு இல்லை. நடுவே முப்பத்து நாலு வருஷம், கயல். அப்பாவின் மொத்த உத்தியோக காலம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதி முடிந்தது. மறுநாளே, விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. காட்டில் இருந்தவனுக்காக என்றார்கள். 2007 டிசம்பரில், மலேசிய இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் தலைவர்கள் ஐந்து பேரை அதில்தான் பிடித்தார்கள். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் ஃபார்ம் ஃபோர். "தோட்டத்து ஆளுங்களுக்காகப் பேசினா உள்ள போடுவாங்களாப்பா" என்று கேட்டாய். அன்றைக்கு நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீ போடப் போனேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நான் ரிட்டையர் ஆனதிலிருந்து பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, நம்ம தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயரை ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தில் எழுதி வருகிறேன். பதினேழு சேர்ந்திருக்கிறது. நாலு பேருக்கு முழுப்பெயர் கிடைக்கவில்லை, 'முனியம்மா தம்பி' என்றுதான் எழுதியிருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன், போனில் அழிந்துபோகாமல் வை.

தீபாவளி முடிந்து அப்பா அங்கே வரலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ரயில் 'நாம் தோக்' என்ற நிலையம் வரைதான் போகிறது, அதற்கப்பால் தண்டவாளம் இல்லை என்று எழுதியிருந்தாய். அருவியைத் தாண்டித்தான் எங்கள் முகாம் என்று தாத்தா சொல்வார். அங்கிருந்து பழைய பாதையில் நடக்க விடுகிறார்களா, எவ்வளவு தூரம் என்று விசாரித்து வை. என் முழங்கால் இரண்டு மைல் தாங்கும்.

அப்பா