குலுக்கல் பரிசு வேண்டாம், கையில் ஐம்பது ரூபாய் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி ஆய்வுகளுக்குப் பதிலே வருவதில்லை என்ற ஆராய்ச்சி மாணவர்களின் கவலையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கவலை நியாயமானது. ஆனால் குலுக்கல் பரிசு அறிவித்தால் பதில்கள் குவியும் என்று அதில் சொல்லியிருக்கும் யோசனையைக் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்கள் குவியும் என்பது உண்மைதான். எப்படிப்பட்ட பதில்கள் என்று பார்க்க வேண்டும். கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்புகளில் போட்டு, கீழே 'ஒருவருக்கு 1,000 ரூபாய் கூப்பன்' என்று எழுதிய மாணவர்களின் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவில் நிமிடத்துக்கு ஒன்றாகப் பதில் வந்து விழுந்திருக்கும். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கேள்விக்கும் 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்'. ஒரே ஆள் வேறு வேறு ஜிமெயிலில் வந்திருக்கிறார் என்று சொல்லப் புள்ளியியல் தேவையில்லை. 2003-லேயே லாட்டரியை ஒழித்த மாநிலத்தில் ஆராய்ச்சிக்குக் குலுக்கலை நம்பியிருப்பது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது.

பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அஞ்சல்வழி ஆய்வுகளில் நடந்த 38 பரிசோதனைகளை ஆலன் சர்ச் என்ற ஆய்வாளர் 1993-இல் தொகுத்துப் பார்த்தார். கேள்வித்தாளோடு சேர்த்தே பணம் வைத்து அனுப்பியபோது பதில் விகிதம் சராசரியாக 19 சதவீதப் புள்ளிகள், அதாவது நூற்றுக்கு 19 பேர் என்ற அளவில், உயர்ந்திருந்தது. 'பூர்த்தி செய்து அனுப்புங்கள், பிறகு தருகிறோம்' என்றபோது குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. இணைய ஆய்வுகளை 2006-இல் இதேபோல் தொகுத்த அன்யா கோரிட்ஸ், பரிசும் பணமும் பதில் வருவதற்கான வாய்ப்பு விகிதத்தை (பதில் தருபவருக்கும் தராதவருக்கும் உள்ள விகிதம்) 19 சதவீதம் கூட்டுவதாகக் கண்டார். கேட்கப் பெரிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால், நூற்றுக்குப் பத்துப் பேர் பதில் தரும் இடத்தில் அது பன்னிரண்டைக்கூட எட்டாது.

மின்னஞ்சலுக்குள் ரூபாய்த் தாளை வைக்க முடியாதே என்று கேட்பார்கள். நெதர்லாந்தில் 2007-இல் தொடங்கிய லிஸ் என்ற இணைய ஆய்வுக் குழு இதற்கு வழி கண்டது. மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அழைப்புக் கடிதத்தோடு 10 யூரோவையும் அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு அதையும் இணைய இணைப்பையும் கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் இதைச் செய்யலாம். ஊரெல்லாம் லிங்க்கைப் பரப்புவதற்குப் பதில், முறையான பட்டியலிலிருந்து 300 பேரைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம், சரிபார்த்துக்கொள்ளத் துறையின் தொலைபேசி எண், கியூஆர் கோடு, கூடவே ஓர் ஐம்பது ரூபாய்த் தாள். மாணவர்களே கவரை நேரில் கொடுக்கட்டும். மொத்தம் 15,000 ரூபாய். ஜிபே எண் கேட்க வேண்டியதில்லை என்பதால் பதில் சொன்னவர் யார் என்பதும் வெளியே தெரியாது. முன்பின் தெரியாத லிங்க்கில் பணம் தருவதாகச் சொன்னால் தொடாதீர்கள், ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள் என்று போலீசாரே எச்சரிக்கும் காலத்தில், வாக்குறுதியைவிடக் கையில் கொடுத்த கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

தொகை சிறிதாகவே இருக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவரிடம் 500 ரூபாயை நீட்டினால் அவரால் மறுக்க முடியாது. பங்கேற்பவரின் நேரத்துக்கு ஈடு தரலாம், அது ஆசை காட்டி இழுப்பதாகிவிடக் கூடாது என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளும் சொல்கின்றன.

இதில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. தலைப்பில் ஆர்வமுள்ளவர் காசு வாங்காமலே பதில் சொல்லிவிடுவார். அந்த ஆர்வம் இல்லாதவரையும் உள்ளே கொண்டுவருவதுதான் பணத்தின் வேலை என்று ராபர்ட் குரோவ்ஸ், எலினார் சிங்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2000-இல் விளக்கினார்கள். ஆர்வம் இல்லாதவர்கள் விடுபட்டால், ஐயாயிரம் பதில் வந்தாலும் அது அந்த வாட்ஸ்அப் குரூப்பின் கருத்து மட்டுமே.

பல்கலைக்கழகங்கள் ஆய்வு நிதியில் 'பதிலளிப்போருக்கு' என்று தனித் தலைப்பு ஒதுக்க வேண்டும். மாணவர்களின் உதவித்தொகையில் இது விழக் கூடாது. தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: 'தமிழகப் பெண்களில் 70 சதவீதம் பேர்' என்று ஓர் ஆய்வைச் செய்தியாக்கும்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் தந்தார்கள், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற மூன்றையும் செய்தியிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.