ஆபீஸ் முகவரிக்கு

அன்புள்ள மீனா,

இங்கே நானும் அப்பாவும் சுகம். கடிதம் ஆபீஸுக்கு வந்திருக்கிறதே என்று யோசிக்காதே. உன் வீட்டுப் பின்கோடு எனக்குச் சரியாக நினைவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாயா? மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாரோ என்னவோ, எதைக் கேட்டாலும் 'ம்' தான். காலேஜ் மலரில் உன் கதை வந்தபோது பத்துப் பிரதி வாங்கி ஊரெல்லாம் கொடுத்தவர் அப்பா. "இப்ப ஏன் பிள்ளை ஒண்ணும் எழுதறதில்ல?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? நீதான் வாயே திறப்பதில்லையே.

போன வாரம் துவரங்குறிச்சியில் ஒரு கல்யாணம். கவிஞர் சல்மாவின் ஊர். வயதுக்கு வந்ததும் அவர் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் ராத்திரியில் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். வீட்டுக்குத் தெரியக்கூடாதென்றுதான் அந்தப் புனைபெயரே. 2000இல் கவிதைப் புத்தகம் வந்தது, 2001இல் பேரூராட்சித் தலைவராகவே ஜெயித்தார். எல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய அம்மா. பந்தியில் உட்கார்ந்ததும் அது நினைவுக்கு வந்து, எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் பச்சை அட்டை நோட்டு பழைய பேப்பரோடு போகவில்லை, மீனா. அப்பத்தா பிரித்துப் பார்த்துச் சத்தம் போட்ட அன்றைக்கு, நான்தான் அதை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். ஒவ்வொரு தாளாக, படித்துப் படித்து. சித்தப்பா வீட்டைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். நீ மூன்று நாள் அலமாரி, பரண் எல்லாம் தேடினாய். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

நன்றாக எழுதியிருந்தாய்.

வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு முதலில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்புறம் 115 நாவல். பாட்டி அந்த அம்மாள் நடத்திய ஜகன்மோகினி இதழ்களை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துப் படித்தவள். உனக்கு எழுத இடமில்லையென்றால் மத்தியானம் ஆபீஸிலிருந்து கூப்பிடு. நீ சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன். என் கையெழுத்து இன்னும் கெட்டுப்போகவில்லை. எதுவாக இருந்தாலும் சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் வா. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நீ மட்டும் வா. எந்த ரயிலானாலும், ராத்திரி இரண்டு மணியானாலும் அப்பா திருச்சி ஜங்ஷனில் நிற்பார். ஏன் என்று கேட்கமாட்டார். சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா