ஜீப்பில் இல்லாத ராக்கர்

ரங்கூன்,
ஆடி மாதம், விடாத மழை

அன்புள்ள மச்சானுக்கு,

மோல்மேன் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. உறை முழுக்க ஞாப்பி வாசம், அதுதான் இந்த ஊர் மீன் விழுது. எந்த மூட்டைக்கு அடியில் கிடந்து வந்ததோ!

படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஜீப்பில் டிக் டிக்கென்று சத்தம், ராக்கர் ஆர்ம் நாலும் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் பையன் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா வாங்கிய வண்டி யுத்தகாலத்து வில்லிஸ். ராக்கர் என்பது மேலே இருக்கும் வால்வை அழுத்தித் திறக்கிற சீசா மாதிரியான கை. அந்த இன்ஜினுக்கு ராக்கரே கிடையாதடா! வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே நிற்கின்றன. சுழலும் கேம் ஷாஃப்ட் தன்மேல் நிற்கும் டேப்பட் என்ற சின்ன உருளையைத் தூக்கும், டேப்பட் நேராக வால்வைத் தூக்கும். டேப்பட்டிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடும் இல்லை. மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடிதான்.

பையன் ஏமாற்றுகிறான் என்றும் சொல்லமாட்டேன். 1953இல் வந்த, பானெட் உயர்ந்த ஜீப்பில் இன்டேக் வால்வுகள், அதாவது உள்ளே காற்று விடுகிறவை, மட்டும் மேலே போய்விட்டன. அதில் சரியாக நாலு புஷ் ராடு, நாலு ராக்கர். அதை எங்கோ பார்த்திருப்பான். பணம் எதுவும் கொடுக்காதே. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சத்தம் அதிகமாக இருந்து, சூடேறச் சூடேறக் குறைகிறதா என்று முதலில் கவனி. அப்படியானால் புகைக்குழாய் இன்ஜினோடு சேருகிற மேனிபோல்டு கேஸ்கெட்டில் புகை கசிகிறதா என்று பார்க்கச் சொல். அந்தக் கசிவு அச்சு அசலாக டேப்பட் சத்தம் மாதிரியே கேட்கும். நானே எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன். அதிலும் இல்லை என்றால் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடியைத் திறந்து டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கட்டும்.

உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் கதையை மறைப்பது நியாயமில்லை. கேள்.

திரி மிங்கலா சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற ஒருவரின் நிஸான் சன்னி டிரக் போன மாதம் வந்தது. 1171 சிசி, ஏ12 இன்ஜின். இதில் எட்டு வால்வும் மேலே, ஒவ்வொன்றுக்கும் ஒரு புஷ் ராடு, ஒரு ராக்கர். முதலாளிக்குக் கால் முறிந்து, வண்டி மூன்று மாதம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை, மேலே சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். சத்தத்தின் தாளத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். அதனால் டேப்பட் பக்கத்துச் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதியாகத்தான் வரும். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ராக்கர்களுக்கு மேலே இருக்கும் டேப்பட் கவரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். சந்தேகமே இல்லை, மேலேதான்.

கவரைக் கழற்றினேன். முன்னாலிருந்து ஐந்தாவது ராக்கர், அதாவது மூன்றாவது சிலிண்டரின் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வுக்கானது, தொளதொளவென்று ஆடியது. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி எட்டு புஷ் ராடுகளையும் எடுத்து, அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்திவைத்தேன். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும். ஒவ்வொரு ராடும் தன் டேப்பட்டோடும் ராக்கரோடும் சேர்ந்து தேய்ந்து பழகியது, இடம் மாறினால் புதிதாகத் தேயும். என் உதவிப் பையன் முதல் நாளே அட்டையை மாட்டுக்கறி போண்டா வைக்க எடுக்கப் பார்த்தான் என்பது வேறு கதை.

ராடு வளைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. எதிர் டீக்கடை மேஜையில் கண்ணாடி போட்டிருக்கிறது. லபெயே என்ற இந்த ஊர் டீயைக் குடித்துக்கொண்டே எட்டையும் அதன்மேல் உருட்டினேன். ஏழு வழுக்கிக்கொண்டு போயின, ஐந்தாவது தத்தித் தத்திப் போனது. டீக்கடைக்காரர் முறைத்தார், துடைத்துக் கொடுத்தேன்.

சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று பழைய இருப்பிலிருந்து ஒரு நேரான ராடு போட்டேன். அந்த இருப்பே 2011இல் பழைய வண்டியைக் கொடுத்து இறக்குமதி பர்மிட் வாங்குகிற திட்டம் வந்தபோது, நசுக்கப் போனவற்றிலிருந்து சேர்த்துவைத்தது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி 0.35 மில்லிமீட்டர் வைத்தேன், இன்ஜின் சூட்டில். ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. பணமும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் பகலில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதே ஐந்தாவது ராடு, அதே வளைவு.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மச்சான். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன், ராடு ஏன் வளைந்தது என்று கேட்கவே இல்லை. கேம் நிற்காது, மேலே வால்வு அசைய மறுத்தால் நடுவில் ஒல்லியாக இருப்பதுதானே வளையும்? மூன்று மாதம் சும்மா நின்றதில் அந்த வால்வின் தண்டு துருப்பிடித்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது போய் வருகிறது, சுமையோடு ஓடிச் சூடேறியதும், தண்டு போய்வரும் குழலான கைடில் இறுகிவிடுகிறது. முதல் நாளே மரச்சுத்தியலால் ஒவ்வொரு வால்வுத் தண்டின் மேல்முனையையும் மெதுவாகத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது தட்டியபோது மற்றவை டப்பென்று திரும்பி வந்தன, இது சோம்பேறி மாதிரி ஏறியது. ஹெட்டை இறக்கி, கைடைச் சுத்தம் செய்து, வால்வை மாற்றினேன். என் செலவில்தான்.

அப்புறமும் ஒரு மெல்லிய டிக் பாக்கி இருந்தது. ஐட்லிங்கில் ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, செருகிப் பார்த்தேன், சட்டையெல்லாம் எண்ணெய். இரண்டாவதில் செருகியதும் சத்தம் அடங்கியது. ஆனால் அதையும் 0.35க்குத்தானே வைத்திருந்தேன்! கழற்றிப் பார்த்தால் ராக்கரின் மூக்கில், வால்வு படுகிற இடத்தில், நகக்கண் அளவு குழி. கேஜ் தட்டையான தகடு, அது குழியின் இரு கரையிலும் பாலம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கேஜ் சொல்வது 0.35, உண்மையில் இருப்பது அதைவிட அதிகம். அந்த ராக்கரை மாற்றினேன். ஷாஃப்டின் அடிப்பக்கமும் தேய்ந்து படி விழுந்திருந்தது, எண்ணெய்த் துளைகளில் இரண்டு கசடால் அடைபட்டிருந்தன. ஊசியால் குத்தி எடுத்தேன்.

கவரை மூடுமுன் என் வழக்கப்படி ஓடும் இன்ஜினில் ராடுகளைப் பார்த்தேன். எட்டும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்று சுழலாமல் வெறுமனே ஏறி இறங்கினால் கீழே கேம் தேய்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உதவிப் பையனை ராடு உருட்டச் சொன்னால் சிரிக்கிறான். இப்போது கடைக்கு வருகிறதெல்லாம் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார். கேம் மேலேயே இருக்கிறது, அவனுக்கு எதற்கு ராடு?

மகள் பிள்ளைகளோடு தீமிதிக்கு வருகிறாள், நீயும் வா. தங்கச்சியையும் அழைத்து வா. வரும்போது பம்பளிமாஸ் நாலைந்து கொண்டு வா, இங்கே விற்பது வெறும் தோல். அதற்கு முன்னால் அந்த மேனிபோல்டைப் பார்த்துவிட்டு, காலையில் சத்தம் எப்படி இருக்கிறது, பத்து நிமிஷம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்று எழுது. பதிலை ஞாப்பி மூட்டைக்கு மேலே வைக்கச் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்