பேய்களுக்கு வீட்டுவேலை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டது, வாவித் தண்ணீர் இன்னும் கலங்கல்தான். அக்காவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் மாமாங்கம் கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறா.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். நாங்கள் அந்தக் காலத்தில் மேடையேற்றிய பேய்ப் பகிடி நாடகத்தைப் பொடியன்கள் குறும்படமாக எடுக்கப் போகிறார்கள். முதல் காட்சியே எடுக்கவில்லை, அதற்குள் இரண்டாம் பாகம், யூடியூப் தொடர், சித்திரக்கதை என்று திட்டம் போகிறது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சின்னப் பகிடிப் படம் எப்படிப் பெரிதாக வளர்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒருநாள் பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டு 'வட் வீ டூ இன் த ஷாடோஸ்' படத்தைப் போட்டுக் காட்டினேன். நீ பார்த்திருக்கிறாயோ தெரியாது. அதிலிருந்து வந்த அமெரிக்கத் தொடரின் கதை நியூயோர்க்கில் ஸ்டேட்டன் ஐலண்டில் நடக்கிறது, படம்பிடித்தது உன் ரொறன்ரோவில்.

நியூசிலாந்துக்காரர் இரண்டு பேர், ஜெமைன் கிளமென்டும் டைகா வைட்டிட்டியும், 2005இல் அதை முதலில் ஒரு குறும்படமாகத்தான் எடுத்தார்கள். முழுநீளப் படம் வந்தது 2014இல். வெலிங்டன் நகரத்தில் நான்கு இரத்தக்காட்டேரிகள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒருவருக்கு 379 வயது, இன்னொருவருக்கு 862, கீழறையில் கிடக்கும் கிழவருக்கு 8000. அவர்களுக்குள் பெரிய சண்டை எதற்குத் தெரியுமா? முறை வந்தும் ஒருவர் ஐந்து வருஷமாகக் கோப்பை கழுவவில்லை என்பதற்கு! இதையெல்லாம் விவரணப் படம் எடுக்க வந்த குழு ஒன்று அமைதியாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும்.

அந்த உலகத்தின் சட்டங்களை அவர்கள் எவ்வளவு மரியாதையோடு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. யாராவது 'உள்ளே வாங்கோ' என்று கூப்பிடாமல் இரத்தக்காட்டேரி ஓரிடத்துக்குள் நுழைய முடியாது. அது பழைய நம்பிக்கை. அப்படியென்றால் இரவு விடுதிக்குப் போனால் என்ன நடக்கும்? வாசற்காவலாளி கூப்பிடுவானா என்று தெருவில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடியில் உருவம் தெரியாது, அதனால் உடுப்பு வடிவாக இருக்கிறதா என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். எந்த இடத்திலும் சிரிப்புக்காகச் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தை நம்பியதால்தான் சிரிப்பே வருகிறது.

அதே படத்தில் சத்தம் கேட்டு இரண்டு பொலிஸ்காரர் வருவார்கள். வசியத்தில் இருப்பதால் வீட்டில் நடக்கும் அநியாயம் ஒன்றும் அவர்கள் கண்ணில் படாது, புகை எச்சரிக்கைக் கருவி இல்லை என்பதை மட்டும் கவனிப்பார்கள். கொஞ்ச நேரம்தான் அந்தக் காட்சி. ஆனால் அந்த இருவரை வைத்தே 2018இல் 'வெலிங்டன் பரனோர்மல்' என்ற தொடர் தொடங்கி நான்கு பருவம் ஓடியது. அடுத்த வருஷம் அமெரிக்கத் தொடர். அதில் பழைய ஆட்களைத் திருப்பிப் போடவில்லை, வேறு வீடு, வேறு ஆட்கள். கொலின் ராபின்சன் என்று ஒருவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பார், இரத்தம் குடிக்க மாட்டார். அறுவைக் கதை கதைத்தே பக்கத்தில் இருப்பவரின் சக்தியை உறிஞ்சிவிடுவார். இந்த உலகத்துக்கு வெளியே அப்படி ஒருவரை யோசித்திருக்கவே முடியாது. முதல் பருவத்தில் ஒரு விசாரணைக் காட்சி இருக்கிறது, வேறு படங்களில் இரத்தக்காட்டேரிகளாக நடித்தவர்களே நீதிபதிகளாக வந்து உட்காருவார்கள், பழைய வெலிங்டன் வீட்டுக்காரர் மூவரும் கூட. அந்தத் தொடர் 2024இல் முடியும்போது ஆறு பருவம், 61 அத்தியாயம் ஆகியிருந்தது.

தமிழிலும் பேய்ப் பகிடி பாகம் பாகமாக வந்திருக்கிறது. 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', பிறகு 2015இலும் 2019இலும் அடுத்த பாகங்கள். ராகவா லாரன்ஸும் கோவை சரளாவும் பயந்து நடுங்கும் காட்சிகளை இன்றைக்கும் விரும்பிப் பார்ப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பேய் ஒரு உடம்பில் ஏறும், அதற்கு நடந்த அநியாயம் தெரியவரும், பழி தீரும். அதோடு அந்தப் பேயின் வாழ்க்கை முடிந்துபோகிறது. பழி ஒன்றும் இல்லாத பேய் பகல் முழுக்க என்ன செய்யும் என்று கேட்டால்தான் உலகம் விரியும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் திருவிழாவின் 18 நாளும் பாரதம்தானே நடக்கிறது. வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவத்துக்குப் போகிறான், கடைசியில் தீ மிதிக்கும் தீப்பள்ளயம். அதே பாரதத்தில் ஒரு கிளைக்கதையை எடுத்துப் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விடிய விடிய வடமோடிக் கூத்து ஆடுகிறார்கள். முழுக்கதையும் திருப்பிச் சொல்லு என்று யாரும் கேட்பதில்லை, எந்த மூலையிலிருந்தும் தொடங்கலாம். இதைச் சொன்ன உடனே பொடியன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மறுகா எல்லாரும் இருந்து எங்கள் ஊர்ப் பேய்களின் சட்டங்களை எழுதினோம். பொரித்த மீனோ இறைச்சியோ கொண்டு போனால் பின்னாலே வரும், ஆனால் மேலே ஒரு கரித்துண்டு இருந்தால் கிட்ட வர முடியாது. இரும்பு ஆகாது. வேப்பிலை ஆகாது. மட்டக்களப்பார் வந்த ஆளை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அந்தப் பேச்சைக் கேட்டு வெளியூர்ப் பேய் ஒன்று இங்கே வரப் பயப்பட்டால்? இதை ஒரு பிள்ளை கேட்டாள். அவள் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறாள், நல்ல மூளை. அந்த ஒரு கேள்வியிலேயே தனிக்கதை ஒன்று இருக்கிறது.

இப்போதைக்கு முடிவு இதுதான்: ஒரு வீடு, ஒரு கிழ முனி, கொத்தி என்கிற ஒரு பெண் பேய், போன மாதம் செத்து இன்னும் தொலைபேசியை விடாத ஒரு இளந்தாரி. மீன்கறி யார் சமைப்பது என்று சண்டை, கரித்துண்டு அடுப்பிலேயே கிடக்கிறது. இருபது நிமிஷம், அதற்கு மேல் இல்லை. இரண்டாம் பாகத்தைப் பற்றிய கதையைப் படம் முடியும் வரைக்கும் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கிழ முனியின் வசனம் உன்னிடம்தான் வர வேண்டும். மேடையில் அந்த வேஷத்தை நீ கட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் கதைக்கிறார்கள். கல்யாண வேலைக்குள் எழுத நேரம் இருக்காது, தெரியும். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பு, பொடியன்கள் கேட்டு எழுதுவார்கள். பழைய எழுத்துப் பிரதி உன்னிடம் இருந்தால் அதையும் படம் எடுத்து அனுப்பு, என்னிடம் இருந்தது சுனாமியோடு போய்விட்டது.

மனுசியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்