கோடாலித் தைலக்காரர்களின் ஊரிலிருந்து

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாயிக்கு,

நான் இங்கே நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, கவிதா பாதியை முழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறாள் என்று நீ குறைப்பட்டதாக அப்பா சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். கவிதா, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் போன மாதம் என்னைச் சீனர் பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். "பாம்பும் தவளையும் விற்கிற தெருவில் பிள்ளை எதைத் தின்கிறதோ" என்று நீ புலம்பினாயாம். பொய் சொல்ல மாட்டேன், தவளை விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. காய்கறியும் சோயா மாவு இறைச்சியும் போட்டுச் சோறு தருகிற சைவக் கடைகள் இருக்கின்றன. காரம் மட்டும் நம் நாக்குக்குப் போதாது. நீ கொடுத்தனுப்பிய ஊறுகாய் தீரப்போகிறது.

இங்கே ரயில் நிலையப் பலகையில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது: சைனாடவுன். அதே பலகையில் சீன எழுத்தில் இருப்பதோ வேறு பெயர். அதற்கு "மாட்டுவண்டித் தண்ணீர்" என்று பொருளாம். குழாய் வராத காலத்தில் மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விற்ற இடம் இது. தாங்கள் குடியிருக்கும் இடத்துக்குச் "சீனர் ஊர்" என்று சீனரே எதற்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்!

நிலையத்தை விட்டு மேலே ஏறினால் பகோடா தெரு. தின்கிற பகோடா இல்லை, அடுக்கடுக்காக உயர்ந்த கோயில் கோபுரத்துக்கு அப்படிப் பெயர். முதல் நாள் அது எங்கே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். தெருக்கோடியில் நின்றது நம் மாரியம்மன் கோயில் கோபுரம். அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் தெருவுக்கே பகோடா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்தது டெம்பிள் தெரு, அதுவும் இதே அம்மனால் வந்த பெயர். இந்தப் பக்கம் மாஸ்க் தெரு. நம் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலால் வந்தது. சீனர் பேட்டையின் நடுவில் மூன்று தெருக்களுக்கு நம் ஆட்கள் கும்பிட்ட இடங்களால் பெயர். இந்த ஊரை நிறுவிய வெள்ளைக்காரர் ராஃபிள்ஸ் துரை 1822-இல் இனம் இனமாகப் பிரித்துக் குடியேற்றத்தான் திட்டம் போட்டாராம். ஆனால் பள்ளிவாசல் 1826-இல் வந்தது, கோயில் 1827-இல் வந்தது. காகிதத்தில் போட்ட கோடு தெருவில் எங்கே நிற்கிறது? கோயிலைக் கட்டிய நாராயண பிள்ளை, 1819-இல் அதே துரையோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர்.

எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது அப்பாயி. சீனர் என்றால் எல்லோரும் ஒன்று என்று நினைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் அடுக்கு வீடுகளில் நிறையப் பேர் கிழவர்கள். மூன்றாம் மாடிப் பாட்டி பேசுவது காண்டனீஸ், ஒன்பதாம் மாடித் தாத்தா பேசுவது ஹொக்கியன். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. லிஃப்டுக்குள் இருவரும் மலாயில்தான் நலம் விசாரிக்கிறார்கள்! அதே மலாயில் நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருப்பதால் நானும் நடுவில் நுழைந்துகொள்கிறேன். உணவுக்கூடத்தில் தட்டு கழுவும் பெண்மணியோ சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர். அவருக்கு மாண்டரின் மட்டும்தான் தெரியும். இந்தக் கிழவர்களுக்கு அவர் என்னைப் போலவே வெளியூர் ஆள்.

அந்த மூன்றாம் மாடிப் பாட்டியிடம் நான் திட்டு வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு இது ஏழாம் மாதம், இறந்தவர்கள் பூமிக்கு வந்து போகிற மாதம். நமக்கு ஆடி அமாவாசை ஒரு நாள். இவர்களுக்கு மாதம் முழுக்க. தெருவோரம் ஆரஞ்சு, சோறு, ஊதுபத்தி வைத்துக் காகிதப் பணத்தை எரிக்கிறார்கள். காகிதத்தில் சட்டை, காகிதத்தில் கைப்பேசிகூட விற்கிறது. அங்கே போனவர்களுக்குச் சார்ஜரும் அனுப்புவார்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவசரமாகக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது பாட்டியின் படையலைக் காலால் தட்டிவிட்டேன். ஆரஞ்சு உருண்டு சாக்கடைப் பக்கம் போய்விட்டது. "கண்ணை எங்கே வைத்திருக்கிறாய்" என்று மலாயில் ஆரம்பித்தவர் காண்டனீஸுக்குத் தாவி வெளுத்து வாங்கினார். நீ தாத்தாவின் திதியன்று காக்கைச் சோற்றை நாய் தின்றபோது கத்தினாயே, அதே குரல், அதே கை வீச்சு. பழத்தை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுக் கைகூப்பினேன். அவர் அதை எடுத்து எறிந்துவிட்டுப் புதுப் பழம் வைத்தார். இப்போதும் லிஃப்டில் பார்த்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார்.

உணவுக்கூடத்தில் இன்னொரு வேடிக்கை. மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சோறு வாங்கப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. நாகப்பட்டினம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். ஆனால் நம் ஊரில் துண்டுக்குப் பிறகு சண்டையும் உண்டு. சதுக்கத்தில் கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். அவர்கள் பலகைக்கு நடுவே ஒரு ஆறு ஓடுகிறது, யானை அதைக் கடக்கக் கூடாதாம். அப்பாவிடம் சொல், அவருக்குப் பிடிக்கும்.

உனக்காகவே எழுத வேண்டியது இது. பத்து நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் என்று ஒரு தெரு. அங்கே ஒரு நாகூர் தர்கா இருக்கிறது! நிஜம்தான், நம் ஷாகுல் ஹமீது ஆண்டவர் பேரில் 1828-இல் தொடங்கி 1830-இல் கட்டி முடித்தது. இப்போது உள்ளே அருங்காட்சியகம் மாதிரி வைத்திருக்கிறார்கள். உன் இடுப்பில் உட்கார்ந்து கந்தூரி பார்த்த பிள்ளை, இங்கே தனியாக நின்றேன். அதே வரிசையில் ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். அங்கே இருப்பது மாசு என்கிற கடல் தாய். அந்தக் காலத்தில் தெருவின் மறுபக்கமே கடலாம். கப்பலை விட்டு இறங்கியவர்கள், உயிரோடு கரை சேர்ந்தோம் என்று அவரவர் சாமிக்கு நன்றி சொன்ன இடம். பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது அலைக்குப் பதில் வங்கிக் கட்டடங்கள்.

அப்படி வந்த சீனர்களும் வீட்டுக்குக் காசு அனுப்பும்போது கூடவே கடிதமும் அனுப்பினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நடைபாதையில் மேசை போட்டு எழுதிக் கொடுக்க ஆள் இருந்தார்களாம். அந்தக் கடிதங்களை 2013-இல் யுனெஸ்கோ உலக ஆவணமாக ஏற்றிருக்கிறது. அதற்காக இதைப் பத்திரப்படுத்த வேண்டாம், கவிதா. பதில் எழுது, போதும்.

இந்த மாதம் பணம் ஐந்தாம் தேதிக்குள் வரும். கூரை ஓடுகளை முதலில் மாற்றச் சொல், மழைக்கு முன்னால். ஐப்பசியில் மாரியம்மன் கோயிலில் தீமிதி. விடுப்புக் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சீனாக்காரன் சீனாக்காரன் என்று பயந்தாயே, உன் தலைமாட்டில் முப்பது வருடமாக இருக்கிற கோடாலித் தைலம் யாருடையது என்று நினைத்தாய்? 1928-இல் ஒரு சீனர் இந்த ஊரில் தொடங்கிய கம்பெனியுடையது. இங்கே மருந்துக் கடையில் அரை டஜன் குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஊருக்கு வருகிற கூட்டாளி கொண்டுவந்து கொடுப்பார். எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பெரியம்மாவுக்கு ஒன்று கொடு.

அன்புள்ள பேரன்,
செந்தில்